பழைய முத்து, லயன், ராணி காமிக்ஸ்: கவர் போட்டா மட்டும் போதுமா? ஏற்காட்டுக்கும் அடிவாரத்துக்கும் ஏன் வேற வேற வழி?

சேலத்தில் இருந்து கிளம்பும் பஸ், ஏற்காடு அடிவாரத்தைத் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி முடிப்பதற்குள் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் ஸ்வெட்டரைத் தேட ஆரம்பிச்சிடுவார். கீழே கடல் மட்டத்தில் இருந்து சுமார் 300 மீட்டர். மேலே சுமார் 1,500 மீட்டர். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இரண்டு தட்பவெப்பம். மனுஷனுக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். ஆனால் 1985-ல் வாங்கி, டிரங்குப் பெட்டியில் போட்டு வச்ச ராணி காமிக்ஸுக்கு என்ன செய்வது?

"பிளாஸ்டிக் கவர் போட்டாச்சே, அப்புறம் என்ன?" என்பதுதான் பெரும்பாலானவர்கள் சொல்லும் பதில். சிக்கலே அந்த கவரில்தான் ஆரம்பிக்குது. எந்த பிளாஸ்டிக், பின்னால் எந்த அட்டை, எந்த நாளில் உள்ளே வச்சு மூடினீங்க என்பதைப் பொறுத்து, அதே கவர் புத்தகத்தைக் காப்பாற்றவும் செய்யும், உள்ளேயே அழிக்கவும் செய்யும்.

இந்தப் புத்தகங்களுக்கு ஏன் இவ்வளவு கவலை?

சிவகாசியில் 1972-ல் சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. 1984-ல் அதே சிவகாசியில் இருந்து அவருடைய மகன் விஜயன் ஆசிரியராக, மாடஸ்டி கதையோடு லயன் காமிக்ஸ் வந்தது. அதே ஆண்டு தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்ட் கதையோடு வந்தது. லயனும் முத்துவும் இன்னைக்கும் வருது. ராணி காமிக்ஸ் 500 இதழ்களோடு 2005-ல் நின்றுபோச்சு.

இவற்றில் பல கதைகள் மறுபதிப்பு கண்டதே இல்லை. வந்தவையும் புது அளவில், புது காகிதத்தில், சில நேரம் புது மொழிபெயர்ப்பில் வந்திருக்கு. பழைய அட்டைப்படம், வாசகர் கடிதம், அடுத்த வெளியீட்டு விளம்பரம், ஓரத்தில் அச்சான விலை எல்லாம் பழைய பிரதியில் மட்டும்தான். பெரிய நூலகங்கள் காமிக்ஸைப் பல காலம் 'புத்தகம்' என்றே கணக்கில் எடுக்கவில்லை. ஆக, அந்த இதழ்கள் பெரும்பாலும் வீடுகளில்தான் பிழைச்சிருக்கு. வீட்டில் போனால் போனதுதான்.

கவருக்கு முன்னாடி காகிதம்

பழைய காமிக்ஸ் பெரும்பாலும் நியூஸ்பிரிண்ட் எனும் செய்தித்தாள் காகிதம். மரத்தை அப்படியே அரைச்சுச் செய்வதால், அதில் லிக்னின் என்ற பொருள் தங்கிவிடும். வெளிச்சமும் காற்றும் பட்டால் லிக்னின் பழுப்பாகும், அமிலமும் உருவாகும். அந்த அமிலம் காகிதத்தின் நாரைத் துண்டு துண்டாக வெட்டுது. அதனால்தான் பழைய இதழை மடக்கினால் அப்பளம் மாதிரி உடையுது. அந்த வாசனை பல பேருக்கு இனிக்கலாம். உண்மையில் அது காகிதம் சிதையும் வாசனை.

இந்த வேலையை இரண்டு விஷயம் வேகப்படுத்தும். ஒன்று சூடு. வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இத்தகைய ரசாயன மாற்றம் தோராயமாக இரண்டு மடங்கு வேகமாகும். இன்னொன்று ஈரம். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் சில நாட்கள் நின்றாலே பூஞ்சை பிடிக்க வாய்ப்பு தொடங்குது.

அடிவாரத்தின் எதிரி முதலாவது. ஏற்காட்டின் எதிரி இரண்டாவது.

எந்த பிளாஸ்டிக்?

சந்தையில் கிடைப்பது நாலு வகை. பாலித்தீன், பாலிப்ரொப்பிலீன், பாலியஸ்டர், பி.வி.சி. இதில் பி.வி.சி. மட்டும் கூடவே கூடாது. மத்த மூணுக்கும் இடையே இருப்பது காசுக்கும் காலத்துக்குமான வித்தியாசம்தான்.

பி.வி.சி. ஏன் ஆகாது? அதை வளையக்கூடியதாக மாற்ற எண்ணெய் போன்ற ஒரு பொருளைச் சேர்ப்பாங்க. நாளாக ஆக அது கசிஞ்சு மேலே வரும். பழைய போட்டோ ஆல்பத்தில் படம் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கிட்டு உரிக்க முடியாமல் போனதைப் பார்த்திருப்பீங்க, அதே கதைதான். பி.வி.சி. சிதையும்போது அமில வாயுவும் வெளிவரும். ஏற்கெனவே அமிலத்தால் செத்துக்கிட்டிருக்கும் காகிதத்துக்கு இதைவிடக் கெட்ட துணை வேண்டாம்.

கடையில் கேட்டால் "எல்லாம் ஒண்ணுதான் சார், பிளாஸ்டிக் கவர்"னு சொல்வாங்க. வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. கவரின் ஓரத்தில் இருந்து நகம் அளவு துண்டு வெட்டுங்க. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டு, துண்டை உள்ளே நல்லா அமுக்கி விடுங்க. பாலித்தீனும் பாலிப்ரொப்பிலீனும் தண்ணீரை விட லேசு, மேலே மிதந்து வரும். பி.வி.சி. மூழ்கிடும். பாலியஸ்டரும் மூழ்கும்தான், ஆனால் குழப்பம் வராது. பாலியஸ்டர் கண்ணாடி மாதிரி தெளிவாக, விறைப்பாக, வாசனையே இல்லாமல் இருக்கும். பி.வி.சி. கொழகொழப்பாக, புது ரெக்சின் பை வாசனையோடு இருக்கும். மூழ்குது, வாசனையும் அடிக்குது என்றால் வேண்டாம்.

பாலித்தீன் மலிவு. ஆனால் சில வருஷத்தில் மங்கலாகி, சுருக்கம் விழும், மாற்றணும். பாலிப்ரொப்பிலீன் தெளிவாக இருக்கும், இன்னும் கொஞ்ச காலம் தாங்கும். ஜவுளிக்கடையில் சட்டை, சுடிதார் வைத்துத் தரும் சலசலக்கும் கவர் பெரும்பாலும் இந்த வகைதான். மைலார் என்ற பெயரில் பிரபலமான பாலியஸ்டர் பல பத்தாண்டுகள் மாறாமல் இருக்கும், விலையும் அதுக்கேத்த மாதிரி. 300 இதழ் வச்சிருப்பவர் எல்லாத்துக்கும் மைலார் வாங்குவது வீண் செலவு. பத்துப் பதினைந்து அரிய இதழுக்கு மைலார், மத்ததுக்கு பாலிப்ரொப்பிலீன் என்று பிரிச்சுக்கிட்டால் கணக்கு சரியாக வரும்.

ஜவுளிக்கடை கவரில் ஒரு ஆபத்து ஒளிஞ்சிருக்கு. மடிச்சு ஒட்டும் மூடியில் பசைப்பட்டை இருக்கும். புத்தகத்தை வெளியே எடுக்கும்போது அது அட்டைப்படத்தில் ஒட்டிக்கிட்டு, இழுத்தால் வண்ணத்தையே உரிச்சுக்கிட்டு வந்துடும். பசை, மூடியில் இல்லாமல் கவரின் உடம்பில் இருக்கும் வகையைப் பார்த்து வாங்கணும். கிடைக்காவிட்டால் பசைப்பட்டையை வெட்டி எறிஞ்சுட்டு, மூடியைச் சும்மா மடிச்சு விட்டாலே போதும்.

லேமினேஷன் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே பதில்: வேண்டாம். சூடு கொடுத்து ஒட்டியதை யாராலும் திரும்பப் பிரிக்க முடியாது.

பின்னால் வைக்கும் அட்டைதான் பாதி விஷயம்

கவருக்குக் காட்டும் அக்கறையை அட்டைக்கு யாரும் காட்டுவதில்லை. காலண்டர் அட்டை, சட்டைக்குள் வரும் அட்டை, கல்யாணப் பத்திரிகை அட்டை என்று கையில் கிடைச்சதை வெட்டி வச்சிடறாங்க. இவற்றில் பெரும்பாலானவை கழிவுக் காகிதத்தில் செய்த அமில அட்டைகள். சில வருஷத்தில் அட்டையின் நிறமே புத்தகத்தின் பின்பக்கத்தில் பழுப்பாக இறங்கிடும்.

அச்சகத்தில் கேட்டால் வெள்ளையாக ஒரு அட்டை எடுத்துத் தருவாங்க. ஓரத்தைக் கொஞ்சம் கிழிச்சுப் பாருங்க. மேலே வெள்ளை, உள்ளே சாம்பல் நிறம் என்றால் அது டூப்ளெக்ஸ் போர்டு. பெட்டி செய்யத்தான் லாயக்கு. தேவை 'அமிலமற்ற' அட்டை, அதிலும் கால்சியம் கார்பனேட் சேர்த்தது. சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் அதே பொருள்தான். காகிதம் வெளிவிடும் அமிலத்தை இது கொஞ்சம் கொஞ்சமாகச் சாந்தப்படுத்தும். படம் பிரேம் போடும் கடைகள், ஓவியப் பொருள் கடைகளில் அமிலமற்ற மவுண்ட் போர்டு கேட்டு வாங்கி, அளவுக்கு வெட்டிக்கலாம். சந்தேகம் இருந்தால் பிஹெச் பேனா ஒன்று வாங்கிக்கலாம். அட்டையில் கோடு போட்டால் ஊதாவாக நின்றால் நல்லது, மஞ்சளாக மாறினால் அமிலம்.

இந்த அட்டை ஏன் கட்டாயம் என்பதற்கு ஒரு முக்கியமான காரணம் இருக்கு. அமிலம் ஏறிய காகிதத்தை பாலியஸ்டரில் காற்றுப்புகாமல் மூடிவிட்டால், திறந்து வைப்பதைவிட வேகமாகச் சிதையுது என்று அமெரிக்காவின் காங்கிரஸ் நூலக ஆய்வுகள் காட்டின. காகிதம் வெளிவிடும் அமிலம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே சேர்வதுதான் காரணம். "விலை அதிகமான கவர், இறுக்கமா சீல் பண்ணியாச்சு" என்று பெருமைப்படுபவர் கவனிக்க வேண்டிய இடம் இது. அமிலமற்ற அட்டை இல்லாத மைலாரை விட, நல்ல அட்டையும் திறந்த மூடியும் உள்ள சாதாரண பாலிப்ரொப்பிலீன் மேல்.

அட்டைக்குக் காசில்லை என்றால்? இப்போ வரும் நல்ல ஜெராக்ஸ் பேப்பர் பெரும்பாலும் அமிலமில்லாத முறையில் தயாராகுது. இரண்டு தாளை அட்டைக்கும் புத்தகத்துக்கும் நடுவில் வச்சால் ஓரளவு தடுப்பு கிடைக்கும். தற்காலிக ஏற்பாடுதான்.

அமெரிக்க சைஸ் நம்ம காமிக்ஸுக்குப் பொருந்தாது

ஆன்லைனில் விற்கும் காமிக்ஸ் கவர்களில் 'கரன்ட்', 'சில்வர்', 'கோல்டன்', 'மேகஸின்' என்று போட்டிருக்கும். எல்லாமே அமெரிக்க இதழ்களை வைத்துப் பிரிச்ச அளவுகள். 'கரன்ட்' கவரின் உயரம் 10.5 அங்குலம், அகலம் கிட்டத்தட்ட 7 அங்குலம். அதில் பாக்கெட் சைஸ் லயனைப் போட்டால், பெரியப்பா சட்டையைச் சின்னப் பையன் போட்ட மாதிரி உள்ளே ஆடும். ஆடினால் மூலை மடங்கும். எதுக்காக கவர் வாங்கினோமோ அதுவே கெட்டுப்போகும்.

தமிழ் காமிக்ஸில் ஒரே அளவு என்று எதுவும் இல்லை. பாக்கெட் சைஸ், அதைவிடப் பெரிசு, கோடை மலர், தீபாவளி மலர் போன்ற தடித்த சிறப்பிதழ்கள், இப்போது வரும் பெரிய வண்ண ஆல்பங்கள் என்று ஒரே வீட்டில் நாலு அளவு இருக்கும். ஸ்கேல் எடுத்து அளந்து, அளவு வாரியாகப் பிரிச்சு எழுதிக்கிட்ட பிறகுதான் கடைக்குப் போகணும். அட்டை, புத்தகத்தை விட எல்லாப் பக்கமும் 2, 3 மில்லிமீட்டர் பெரிசா இருக்கட்டும். அட்டையோடு சேர்த்து கவருக்குள் வழுக்கிக்கிட்டுப் போகணும், திணிக்கக் கூடாது. தடித்த மலர்களுக்கு அகலத்தோடு தடிமனையும் கூட்டிக்கணும், பலர் விடும் இடம் அதுதான்.

மலை மேலே: மூடுவதற்கும் நாள் பார்க்கணும்

இனி ஏற்காடு. பனி இறங்கும் காலத்தில் துவைத்த துணி இரண்டு நாள் ஆனாலும் காயாது என்பது அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். துணிக்கு நடப்பதுதான் காகிதத்துக்கும். பார்க்க உலர்ந்த மாதிரி இருக்கும் 100 கிராம் காகிதத்திலேயே சாதாரண நாளில் 6, 7 கிராம் தண்ணீர் இருக்கும். பனிமூட்டம் நின்றால் அது 10 கிராமைத் தொடும். அந்த நாளில் புத்தகத்தை கவருக்குள் வச்சு இறுக்க மூடினால், அந்த ஈரத்தையும் சேர்த்துத்தான் பூட்டி வைக்கறீங்க. இரவில் குளிரும்போது கவரின் உள்பக்கம் வியர்க்கும். முதலில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடிக்கும், பிறகு பழுப்புப் புள்ளிகள், கடைசியில் பூஞ்சை.

அதனால் மேலே இருப்பவர்கள் கவர் போடும் வேலையை ஜூன் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில் வச்சுக்காமல், பிப்ரவரி, மார்ச் மாதங்களின் வெயில் அடிக்கும் நாட்களில் முடிப்பது நல்லது. புத்தகங்களை வெயிலில் போடாமல், அறைக்குள் ஃபேன் காற்றில் ஒன்றிரண்டு நாள் பரப்பி வைக்கணும். சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கி வச்சுக்கிட்டால் ஊகத்துக்கு வேலையில்லை. 55 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் மதிய நேரம் உகந்தது. கவரின் மூடியை மடிச்சு விடுங்க, டேப் போட்டு ஒட்ட வேண்டாம்.

சிலிக்கா ஜெல் போடலாமா? போடலாம், ஆனால் இறுக்கமான மூடியுள்ள பெட்டியில் மட்டும். திறந்த அலமாரியில் சிலிக்கா ஜெல் வைப்பது, ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு ஏ.சி. போடற கதை. செருப்புப் பெட்டியில் வரும் பொட்டலம் வீட்டுக்கு வரும்போதே ஈரம் குடிச்சு முடிச்சிருக்கும். நிறம் மாறும் வகையை வாங்கினால் எப்போ தீர்ந்ததுன்னு தெரியும், சூடாக்கி மறுபடி பயன்படுத்தலாம். ஈரத்துக்கு அரிசி போடும் பழக்கம் வேண்டாம். பூச்சிக்கு விருந்து வச்ச மாதிரி ஆகிடும்.

பூச்சி என்றால் ராமபாணம். வெள்ளி நிறத்தில் சர்ரென்று ஓடும் அதே பூச்சிதான். ஈரமும் இருட்டும் பசையும் இருந்தால் அது குடியேறிடும். ஓலைச்சுவடிகளுக்கு வசம்பும் வேம்பும் வச்சுத் துணியில் கட்டி வைத்தது நம்மூர் மரபு. அதைப் பார்த்து கவருக்குள்ளேயே வேப்பிலை வைப்பவர்கள் உண்டு. ஓலை வேறு, நியூஸ்பிரிண்ட் வேறு. பச்சிலை ஈரத்தையும் கறையையும் காகிதத்தில் இறக்கிடும். வசம்பைத் துணியில் முடிஞ்சு பெட்டி மூலையில் போடலாம், கவருக்குள் வேண்டாம். பாச்சை உருண்டை காகிதத்தில் நாற்றத்தை நிரந்தரமாக ஏற்றிவிடும், படுக்கையறையில் இருப்பவர்களுக்கும் நல்லதில்லை.

அடிவாரத்தில்: ஈரத்தை விட சூடு

கீழே இறங்கினால் கதை தலைகீழ். கோடையில் சேலம் 40 டிகிரியைத் தொடும். மலைக்கும் அடிவாரத்துக்கும் சராசரியாக சுமார் 8 டிகிரி வித்தியாசம். மேலே சொன்ன கணக்குப்படி, ஒரே இதழின் இரண்டு பிரதிகளில் அடிவாரத்தில் இருப்பது ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் வயசாகும்.

இங்கே கவரின் வேலை தூசியையும் வியர்வைக் கையையும் தடுப்பது. சூட்டை எந்த கவரும் தடுக்காது. இடம்தான் தடுக்கும். நம் வீடுகளில் பழைய புத்தகம் என்றாலே பரணுக்குப் போகும். மொட்டை மாடிக்கு நேர் கீழே, வெயில் முழுக்க இறங்கும் இடம் அது. அதைவிட மோசம் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ். வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில், மேற்குச் சுவரை ஒட்டாத பீரோவின் கீழ்த்தட்டில் வைப்பது எந்த மைலாரையும் விட அதிகம் உதவும். தரையில் நேராக வைக்க வேண்டாம், ஒரு பலகையாவது கீழே இருக்கட்டும்.

'பரணில் இருந்த காமிக்ஸ் கோடிக்கு ஏலம் போச்சே' என்று யாராவது கேட்கலாம். உண்மைதான். 1939-ல் வந்த 'சூப்பர்மேன்' முதல் இதழின் பிரதி ஒன்று, அமெரிக்காவின் வடக்கு கலிஃபோர்னியாவில் ஒரு வீட்டுப் பரணில், அட்டைப்பெட்டியில் பழைய செய்தித்தாள்களுக்கு அடியில் கிடைச்சது. 2025 நவம்பரில் 91.2 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. மைலாரும் இல்லை, அமிலமற்ற அட்டையும் இல்லை. அந்தப் பகுதியின் குளிர்ந்த தட்பவெப்பம்தான் அதைக் காப்பாற்றியதாகச் சொன்னாங்க. சேலத்துப் பரணுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சொல்லப்போனால், ஈரத்தை மட்டும் கட்டுப்படுத்த முடிந்தால் அடிவாரத்தை விட ஏற்காடுதான் காகிதத்துக்கு நல்ல வீடு.

மேலே இருந்து கீழே கொண்டுவருபவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். குளிர்ந்த புத்தகத்தை வெதுவெதுப்பான, ஈரமான அறையில் உடனே திறந்தால், ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த பாட்டில் மாதிரி மேலே நீர் கோர்க்கும். பையோடு சில மணி நேரம் விட்டு, அறையின் சூட்டுக்கு வந்த பிறகு திறக்கலாம்.

ஏற்கெனவே கெட்டுப்போனதை என்ன செய்வது?

கிழிசலுக்கு செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். சில வருஷத்தில் டேப் உதிர்ந்துபோகும், பசை மட்டும் மஞ்சள் கறையாக நிற்கும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் நீங்களே உரிக்கப் பார்க்காதீங்க. பூஞ்சை பிடித்த இதழை முதலில் தனியாகப் பிரிச்சு, மூக்கில் முகக்கவசத்தோடு, காற்றோட்டமான இடத்தில் உலர விடணும். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் கறை உள்ளே இறங்கும். உலர்ந்த பிறகு மென்மையான பிரஷ்ஷால் தட்டி விடலாம்.

பத்துப் பதினைந்து இதழைச் சேர்த்து பைண்டிங் செய்யும் பழக்கம் தமிழ் காமிக்ஸ் வாசகர்களிடம் பரவலாக இருந்தது. அதில் ஓரம் வெட்டப்பட்டிருக்கும், சில நேரம் அட்டைகளே கழன்றிருக்கும். விற்பனைச் சந்தையில் மதிப்புக் குறைவு என்பதற்காக இப்போ அதைப் பிரிச்சு எடுக்க நினைப்பது தப்புக் கணக்கு. உடையும் நிலையில் உள்ள காகிதம் அந்த இழுப்பைத் தாங்காது. பைண்டுகளைப் படுக்க வச்சு, பெரிய பாலிப்ரொப்பிலீன் பையில் தளர்வாகப் போட்டாலே போதும். வாடகை நூலக முத்திரை, அட்டையில் பேனாவால் எழுதிய பையன் பெயர் எல்லாம் அப்படியே இருக்கட்டும், அழிக்கப் போனால் அட்டைதான் போகும்.

கொஞ்சம் காசுதான் இருக்கு என்பவர்கள் செலவழிக்க வேண்டிய வரிசை கடைக்காரர் சொல்வதற்கு நேர் எதிர். முதலில் இடம் மாற்றம், அதுக்குச் செலவே இல்லை. அடுத்து ஈரப்பதமானி. பிறகு அமிலமற்ற அட்டை. அதுக்கப்புறம் பாலிப்ரொப்பிலீன் கவர். கடைசியாக, கையில் மிச்சம் இருந்தால் மட்டும் மைலார். எல்லாம் முடிஞ்ச பிறகும் மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து, நாலைந்து இதழை வெளியே எடுத்துப் பார்க்கணும். எடுத்ததுக்கு ஒரு கதையைப் படிச்சிட்டு வச்சாலும் புத்தகத்துக்கு ஒண்ணும் ஆகிடாது, கை மட்டும் உலர்ந்திருந்தால் சரி.